கத்தாத கோபக்காரிக்கு எட்டு வார வகுப்பு: ஒரு விமர்சனம்

எட்டு வாரம். வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், வீடியோ வழியாகக் குழு வகுப்பு. தொடக்கத்தில் உளவியல் ஆலோசகரோடு தனியாக ஒரு பேச்சு, முடிவில் இன்னொன்று. நடுவில் கைபேசியில் ஓர் ஆப்: மூச்சுப் பயிற்சிகள், கோபத்தைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு, தினமும் நம்மை நலம் விசாரிக்கும் ஒரு குரல். நான் கட்டணம் கட்டிச் சேர்ந்த 'கோப மேலாண்மை' வகுப்பு இவ்வளவுதான். நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த வகுப்புகள் நிறைய ஓடுகின்றன, பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

நான் எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய முடியும். நான் கத்துகிறவள் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். பதிமூன்று வயது மகனைப் பார்த்து "சார் எப்ப படிக்க உக்காரப் போறீங்க?" என்பேன். அலுவலகத்தில் என் மின்னஞ்சல் 'தங்களின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கினால் பெறுகிறவர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படிப்பது நல்லது என்று எங்கள் பிரிவில் ஒரு பேச்சு உண்டு. வீட்டில் அலமாரிக் கதவுகள் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்திக்கொள்ளும். அதன்பிறகு மௌனம், அதுவும் நாள்கணக்கில். "நீ நாலு வார்த்த திட்டிட்டாக்கூடப் பரவாயில்ல, இந்த அமைதியத்தான் தாங்க முடியல" என்று கணவர் சொன்னார். சேர்ந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மாதக் கடைசி. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, கத்துகிறவர்களை மனதில் வைத்துச் செய்த வகுப்பில் கத்தாத ஒருத்திக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்த விமர்சனம்.

ஆரம்பமே நன்றாக இருந்தது. முதல் தனிப்பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். 'கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவேன்', 'உள்ளுக்குள் கொதிப்பேன், வெளியே காட்டமாட்டேன்' மாதிரியான வாக்கியங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி என்று குறிக்க வேண்டும். சார்ல்ஸ் ஸ்பீல்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988-ல் வெளியிட்ட அளவுகோலின் சாயலில் அமைந்த தாள் அது. அவர் செய்த முக்கியமான காரியம், கோபத்தை ஒரே சரக்காகப் பார்க்காமல் பிரித்தது. இந்த நிமிடம் வந்திருக்கும் கோபம் வேறு, சுபாவத்திலேயே இருக்கும் கோபம் வேறு. அதேபோல வெளியே கொட்டும் கோபம் வேறு, உள்ளே அடக்கும் கோபம் வேறு. என் தாளில் வெளியே கொட்டுவதற்கான மதிப்பெண் அடிமட்டம், உள்ளே அடக்குவது உச்சம். "மேடம், உங்களுக்குக் கோபம் கம்மின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார் ஆலோசகர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சேர்ந்தது தகும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வருத்தம் என்னவென்றால், அந்தத் தாளை அதோடு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். குழு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம், அதுவும் பெரும்பாலும் வெளியே கொட்டுகிறவர்களுக்கான பாடம். முடிவில் நடந்த தனிப்பேச்சில்தான் அது திரும்ப வெளியே வந்தது. பிரித்துப் பார்த்த பிறகு எதற்காக மறுபடி எல்லோரையும் ஒன்றாகக் கட்டினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது கோப அளவுகோல், அதோடு சேர்ந்த பதிவேடு. வகுப்பின் உயிரே இதுதான் என்பேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண். ஒன்று என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் கட்டுமீறிவிட்டது. அமெரிக்க அரசின் போதைப்பழக்க, மனநலச் சேவைத் துறை 2002-ல் வெளியிட்ட 12 வாரக் குழுப்பயிற்சிக் கையேட்டில் இந்த அளவுகோல் இருக்கிறது. கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் வகுப்பின் முதல் பாதி கிட்டத்தட்ட அதன் சுருக்கம்தான். இலவசமாகக் கிடைப்பதற்கா காசு கட்டினோம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் கையேட்டைத் தனியாக உட்கார்ந்து படித்திருந்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்திருப்பேன். வாரம் ஒருமுறை பத்துப் பேர் முன்னால் தாளைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம்தான் என்னை எழுத வைத்தது.

பதிவேட்டில் கட்டங்கள் இவை: என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, மனசுக்குள் ஓடிய வாக்கியம், என்ன செய்தேன், எண். கோபத்துக்கான முன்னறிகுறிகளை உடல், நடத்தை, உணர்ச்சி, எண்ணம் என நான்காகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். கேட்கும்போது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். எழுத ஆரம்பித்தால்தான் அதன் கூர்மை தெரியும். என் பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"சாயங்காலம் கிளம்பும் நேரம். விற்பனைப் பிரிவுத் தம்பி பில் இணைக்காத வவுச்சர் கட்டை மேசையில் வைத்து 'அக்கா, இன்னிக்கே போட்டுடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனான். உடம்பு: கீழ்த்தாடை இறுகியது, நாக்கு மேல்பல்லை முட்டியது. மனசு: நான்னா எல்லாருக்கும் இளக்காரம். செய்தது: சிரித்தேன், 'வெச்சுட்டுப் போங்க தம்பி' என்றேன். எண்: 4."

அதற்குக் கீழேயே அன்று இரவு எழுதியது: "வீட்டு வாசலில் மகனின் ஷூ, ஒன்று இங்கே ஒன்று அங்கே. அவனோடு இரவு முழுவதும் பேசவில்லை. எண்: 8."

இதை வகுப்பில் வாசித்தபோது ஆலோசகர் கேட்டார். "ஷூ அப்படிக் கெடக்கறதுக்கு மட்டும் தனியா எத்தன குடுப்பீங்க மேடம்?"

"ரெண்டு."

"அப்ப மிச்ச ஆறு எங்கேர்ந்து வந்துச்சு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வவுச்சர் கட்டு என்னோடு வீட்டுக்கு வந்திருக்கிறது, வழியில் யாரோ இடித்துவிட்டுப் போனது அதன்மேல் ஏறியிருக்கிறது, பசியும் அசதியும் வேறு. எட்டாம் எண்ணில் நிற்கும்போது மூச்சை இழு, விடு என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. நான்கில் இருக்கும்போது பிடித்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் என்னைப் போன்ற ஆளுக்கு நான்கு என்பது சிரித்துக்கொண்டிருக்கும் நேரம்! வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டுமல்ல, எனக்கே தெரியாது. நாக்கு பல்லை முட்டுகிறது என்ற சின்னத் தகவல் இல்லையென்றால் அந்த நான்கை நான் பிடித்திருக்கவே மாட்டேன். இன்னொரு அறிகுறியும் பதிவேட்டில்தான் அகப்பட்டது: விசைப்பலகையில் என்டர் பட்டனை மட்டும் ஓங்கித் தட்டுகிறேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே அதன் வீரியத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. மாத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளைப்படச் சோதனையில், கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படத்தைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோது, அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நடைமுறையில் எனக்கு இது எப்படி வேலை செய்தது என்றால், 'கோபம்' என்று எழுத வரும்போதெல்லாம் அதற்குப் பக்கத்தில் இன்னும் பொருத்தமான சொல் ஒன்று கிடைத்தது. அவமானம், களைப்பு, ஒதுக்கிவிட்டார்களே என்ற ஏக்கம். ஷூ விஷயத்தில் அது வெறும் களைப்புதான்.

வீட்டிலும் அந்த எண் பரவிவிட்டது. இதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதவில்லை. மகன் சில நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "அம்மா, இப்ப நீ மூணா அஞ்சா?" என்பான். அஞ்சு என்றால் கைபேசி சமாசாரத்தைப் பேச்சில் எடுக்கமாட்டான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

இனி அமைதிப் பயிற்சிகள். வகுப்பின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இவைதான், எனக்கு இரண்டாம்பட்சமாகத் தோன்றியதும் இவைதான். ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சு விடும் மெதுமூச்சு. நன்றாக இருக்கிறது, தூங்கப்போகும் முன் செய்கிறேன். இதைவிட எனக்குப் பிடித்தது பெருமூச்சுப் பயிற்சி: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, முடியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்து இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடுவது. 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் தினமும் 5 நிமிடம் என்று ஒரு மாதம் செய்யவைத்துப் பார்த்தார்கள். கண்மூடித் தியானம் செய்தவர்களைவிட இப்படிப் பெருமூச்சு விட்டவர்களின் மனநிலையில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது பொதுவான மனநிலை பற்றிய சோதனை, கோபத்தை மட்டும் எடுத்து அளந்தது அல்ல. வகுப்பில் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கடந்துபோனார்கள். எனக்கு இதில் உள்ள வசதி வேறு: கூட்டத்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவர் சலிப்பில் பெருமூச்சு விடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அதுவும் பொய் இல்லை.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929-ல் நூலாக எழுதிய முறை, இன்றும் உலகம் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள். உள்ளே அடக்குகிறவர்களுக்கு இதுதான் சரியான மருந்து என்பது என் கட்சி. நாங்கள் கோபத்தை வாயில் வைப்பதில்லை, தோளிலும் தாடையிலும் வைக்கிறோம். முதல்முறை தாடையை இறுக்கச் சொன்னபோது, அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது, இதற்குமேல் இறுக்க இடமில்லை என்று கண்டுபிடித்தேன். இதற்கு ஒதுக்கியதோ ஒரு வகுப்பின் கடைசி இருபது நிமிடம்.

முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பது. உடல் தன்னிச்சையாக இதயத்துடிப்பைக் குறைக்கும், நீருக்குள் மூழ்கும்போது நடப்பது போல. வேலை செய்கிறது, ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சொன்னார்கள். நல்லவேளை சொன்னார்கள்.

இடைவேளை எடுப்பது. சண்டை முற்றும்போது 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்' என்று சொல்லி விலகுவது. இதில் ஒரு நிபந்தனையைச் சரியாக வைத்தார்கள்: எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து பேச்சைத் தொடர வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இடைவேளை எடுப்பது கைவந்த கலை, திரும்பி வருவதுதான் வராது. 'அரை மணி நேரத்தில் பேசுவோம்' என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டு மௌனங்களுக்கு ஒரு கெடு வந்திருக்கிறது. கெடு தாண்டினால் கணவர் வந்து கதவைத் தட்டலாம் என்று ஒப்பந்தம்.

ஆப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் மனசு ஆறாது. அமைதியைச் சொல்லித்தரும் ஆப் இவ்வளவு எரிச்சலூட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாதக் கணக்கை முடிக்கும் நேரத்தில் திரையில் வந்து 'இந்தக் கணத்தில் அமைதியாக இருக்கிறீர்களா?' என்று கேட்கும். இருந்தேன், நீ கேட்கும்வரை. பயிற்சியை ஒருநாள் தவறவிட்டால் 'உங்கள் தொடர்ச்சி முறிந்துவிட்டது' என்று ஓர் உடைந்த இதயப் படம். குற்றவுணர்ச்சியைத் தூண்டி அமைதிக்கு அழைக்கும் இந்த யோசனை யாருடையது? பின்னணியில் அருவிச் சத்தம், புல்லாங்குழல், தூக்கக் கலக்கத்தில் பேசுவது போன்ற ஒரு குரல். எண்ணைப் பதிய ஐந்து திரைகளைக் கடக்க வேண்டும், அதற்குள் நான்கு ஆறாகிவிடும். நான் நோட்டுப் புத்தகத்துக்கு மாறிவிட்டேன். ஆலோசகரும் "பேப்பர்தான் மேடம் பெஸ்ட்" என்று மெதுவாகச் சொன்னார், நிறுவனத்தின் காதில் விழாத மாதிரி.

வகுப்பின் மிகச் சிறந்த ஒன்றரை மணி நேரம் எது என்று கேட்டால், 'கொட்டித் தீர்ப்பது' பற்றிய நாளைச் சொல்வேன். கோபம் நீராவி மாதிரி, வெளியே விட்டால்தான் அழுத்தம் இறங்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். என் கணவர் சொன்ன வாக்கியத்திலும் அந்த நம்பிக்கைதான் இருக்கிறது. பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை ஒரு கட்டுரை எழுதவைத்து, அதை மட்டமாக விமர்சித்து, முதலில் கோபப்படுத்தினார்கள். பிறகு சிலரை, விமர்சித்த ஆளை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். சிலரை உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தச் சொன்னார்கள். சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எதிராளியிடம் மிகக் குறைவாக மூர்க்கம் காட்டினார்கள். அதே புஷ்மனும் சோஃபி க்யார்விக்கும் 2024-ல் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: உடம்பின் பரபரப்பைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்ச்சி போன்றவை கோபத்தைக் குறைத்தன, பரபரப்பை ஏற்றும் செயல்கள் மொத்தத்தில் உதவவில்லை. ஓட்டப்பயிற்சி கோபத்தைக் கொஞ்சம் கூட்டவே செய்தது.

குழுவில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் அன்று சொன்னதை, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். கோபம் வந்தால் வெளியே போய் வேகமாக நடப்பது அவர் வழக்கமாம். "நடந்தா சரியாயிடும்னு சொல்றாங்கம்மா. எனக்கு என்ன ஆவுதுன்னா, நடந்து முடிச்சு திரும்பறப்போ பேச வேண்டிய வசனம் பூரா ரெடியா இருக்கும்." எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்ததற்கு வேறு காரணம் இருந்தது. எனக்கு நடக்கக்கூடத் தேவையில்லை, படுத்துக்கொண்டே வசனம் தயாராகும். நடையில் தப்பில்லை, கூடவே ஓடும் படம்தான் பிரச்சினை என்று ஆலோசகர் விளக்கினார். அதே சம்பவத்தைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈ பார்ப்பதுபோலத் தள்ளி நின்று பார்க்கும் பயிற்சி ஒன்றையும் கொடுத்தார். நானும் அந்தத் தம்பியும் வவுச்சர் கட்டும் மேலிருந்து எப்படித் தெரிவோம்? இரண்டு களைத்த ஆட்கள், ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார், அவ்வளவுதான். ஒரே சம்பவத்தை நூறு தடவை ஓட்டிப் பார்க்கும் ஆளுக்கு, எட்டு வாரத்தில் சொல்லித்தந்ததிலேயே அதிகம் பயன்படுவது இது.

எண்ணங்களைப் பற்றிய பகுதியில்தான் எனக்கும் வகுப்புக்கும் உரசல். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் புகழ்பெற்ற மாதிரியைச் சொல்லித்தந்தார்கள்: நடந்த சம்பவம் நேரடியாகக் கோபத்தைத் தருவதில்லை, நடுவில் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் தருகிறது. 'எல்லோரும் நேரத்துக்குத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும்' என்ற பிடிவாதத்தை 'கொடுத்தால் நல்லது' என்று தளர்த்திப் பார் என்றார்கள். சரி, என்னிடம் அந்தமாதிரி 'ஆக வேண்டும்' நிறையவே இருக்கின்றன. ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உனக்கு நடப்பதில் தப்பு இல்லை, நீ அதைப் பார்க்கும் விதத்தில்தான் தப்பு என்று கேட்கத் தொடங்குகிறது. மூன்று பேர் பார்த்த வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். அது என் நம்பிக்கை இல்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தளர்த்தி எப்படிப் பார்ப்பது? வகுப்பில் கேட்டேன். "நியாயமான கோபம் வேற டாபிக் மேடம், அதுக்கு வருவோம்" என்றார்.

வந்தார்கள், ஏழாவது வாரத்தில், அவசர அவசரமாக. கேட்க வேண்டியதை உறுதியாகக் கேட்பது எப்படி என்ற பாடம். நடந்தது என்ன, அதனால் எனக்கு என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும்: மூன்றையும் பழி போடாமல் சொல்ல வேண்டும். உள்ளே அடக்குகிறவர்களுக்கு எட்டு வாரத்தில் நான்கு வாரம் இதற்கே கொடுக்க வேண்டும். எங்களுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது, அதில் பத்து நிமிடம் ஒருவரின் மைக் வேலை செய்யவில்லை. ஆனாலும் அதை வைத்தே அந்தத் தம்பியிடம் பேசினேன். 'தங்களின் மேலான கவனத்திற்கு' இல்லாமல். "பில் இல்லாம கட்டு வந்தா நான் ஒவ்வொண்ணா போன் பண்ணிக் கேக்க வேண்டியிருக்கு தம்பி, வீட்டுக்குப் போக லேட்டாகுது. மதியத்துக்குள்ள பில்லோட குடுத்தா அன்னிக்கே போட்டுடறேன், இல்லன்னா மறுநாள்தான்." அவன் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. "சொல்லவே இல்லியே அக்கா" என்றான். இப்போது பாதி நாள் மதியத்துக்குள் வருகிறது. மீதி நாள் மறுநாள்தான் போடுகிறேன். மூன்று ஆள் வேலை என்ற விஷயத்தை மேலாளரிடமும் இதே முறையில் எடுத்துச் சொன்னேன். பரிசீலிக்கிறோம் என்றிருக்கிறார்கள். அதற்கு மூச்சுப் பயிற்சி எதுவும் உதவாது.

பயமுறுத்தும் படங்களைக் குறைத்துக்கொள்ளலாம். கோபம் வெடித்த பிறகு 2 மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று ஒரு படம் காட்டினார்கள். 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு அது, உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ள அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அதன் ஐந்து மடங்கும் சிறியதுதான். இதய நோய் உள்ளவர்கள், அடிக்கடி வெடிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டதில் அன்று குழுவில் இருவர் வெளிறிப்போனார்கள். மாறாக, 2024-ல் வந்த இன்னொரு சோதனை எனக்குப் பயனுள்ளதாக இருந்தது: கோபப்பட்ட நினைவை 8 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்த்தாலே ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் 40 நிமிடம் வரை குறைந்திருந்தது. படுத்துக்கொண்டு வசனம் தயாரிப்பவர்கள் கவனிக்க.

சேவை எப்படி? வகுப்புகள் சரியான நேரத்தில் தொடங்கின. ஆலோசகர் தகுதி பெற்றவர், சான்றுகளைக் கேட்டபோது முகம் சுளிக்காமல் காட்டினார். பேச்சு வழக்கிலேயே பேசினார், அது பெரிய நிம்மதி. முடித்ததும் ஒரு சான்றிதழ் வந்தது. நான் அமைதியானவள் என்று எதற்கு ஒரு சான்றிதழ் என்று தெரியவில்லை, மகன் அதை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பதிவேட்டுக்கும் ஆலோசகருக்கும் ஐந்து, ஆப்புக்கு ஒன்று. கத்துகிறவர்களாக இருந்தால் நான்கரை என்று வைத்துக்கொள்ளலாம், குழுவில் அப்படிப்பட்ட சிலருக்கு மாற்றம் கண்கூடாகத் தெரிந்தது. கோபத்தில் கைநீட்டுகிறவர்கள், பொருட்களை உடைக்கிறவர்கள் இந்தமாதிரிக் குழு வகுப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் அடிவாங்குகிறவர் தன் கோபத்தைச் சரிசெய்ய இங்கே வந்து சேர்வது தவறான கதவைத் தட்டுவது. அவருக்கு வேண்டியது பாதுகாப்பு. இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டு வடிகட்டியிருக்கலாம், கேட்கவில்லை.

சேரும் எண்ணம் இருந்தால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துகிறவரின் படிப்பு என்ன, குழுவில் எத்தனை பேர் (பன்னிரண்டைத் தாண்டினால் வேண்டாம்), முதல் கேள்வித்தாளின் முடிவை வைத்துப் பாடத்தை மாற்றுவார்களா, கேட்க வேண்டியதைக் கேட்கும் பயிற்சிக்கு எத்தனை வாரம். கடைசிக் கேள்விக்கு 'ஒரு செஷன்' என்று பதில் வந்தால், நீங்களும் என்னைப் போன்ற மௌனசாமியாக இருந்தால், அதே பணத்துக்குத் தனி ஆலோசனை சில அமர்வுகள் எடுப்பது மேல்.

கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் எழுதினேன், பழி போடாமல், நடந்தது என்ன, எனக்கு என்ன ஆனது, என்ன வேண்டும் என்ற அதே வரிசையில். ஏழாம் வாரப் பாடத்தை மூன்றாம் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தேன். உடனே பதில் வந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது. இரண்டாம் நிலை வகுப்பில் சேர இங்கே அழுத்தவும்.' அந்த நாளின் பதிவில் இருப்பது: நாக்கு மேல்பல்லில், எண் 3.